முன்கூட்டி எடுத்த முகம்

படம் தொடங்க இன்னும் நாற்பது நிமிடம்.
ஸ்கார்பரோவில், தியேட்டரின் பின்புறம்,
வீதி உப்புப் படிந்த காருக்குள்
என் கணவர் அருவருக்கிறார்.

"காணாது" என்கிறேன்.
"பழுதான பாலை மணந்த மாதிரி வேணும்."
மூக்கைச் சுருக்கி, கீழுதட்டைத் தொங்கவிட்டு
நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
அவருடைய மூச்சில் கண்ணாடி வெளிறுகிறது.
துடைத்துவிட்டு
இன்னொன்று எடுக்கிறேன்.

இரவு அதன்மேல் மஞ்சள் எழுத்தில் போடுவேன்:
'இருபத்தெட்டு டொலருக்கு இப்படி ஒரு தண்டனையா?'
இருபத்தெட்டு டொலர் உண்மை.
தண்டனையை
இனித்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு படம்
அவருக்கு மெய்யாகவே பிடித்துப்போனது.
கையை ஆட்டாமல், சாதுவாகச் சொன்னார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
அதில் நாற்பது தடவை நான்,
ஓடுகிறதா என்று திறந்து திறந்து பார்த்தது.

அடுத்த கிழமை ஒரு பெரிய கதாநாயகனைக் கிழித்தார்.
ஒன்றரை லட்சம்.
யாரோ வீட்டைக் கண்டுபிடித்து
தபால்பெட்டிக்குள் முட்டை உடைத்துவிட்டுப் போனான்.
உறைந்த மஞ்சட்கருவை
பட்டர் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
"பார் யசோ, படம் ஓடாட்டியும்
நாங்கள் ஓடுறம்" என்றார்.
இந்தக் காரின் பனிக்கால டயர் நாலும்
அந்தக் காசுதான்.

உள்ளே, கதாநாயகனின் செருப்பு தெரிந்ததுமே
முன்வரிசை எழும்பி விசிலடிக்கிறது.
கிழித்த கடதாசி எங்கள் தலையில் விழுகிறது.
களவாகப் பீடி பற்றவைக்கிறவர் மாதிரி
கைபேசி வெளிச்சத்தைப் பொத்திப்பொத்தி
இவர் குறிப்பெடுக்கிறார்.
நான் திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்க்கிறேன்.
படம் நல்லாய் இருந்துவிடக்கூடாது என்று
காசு கொடுத்து உள்ளே வந்து
நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

இடைவேளையில், ரோல்ஸ் வாங்கும் வரிசையில்
மூன்று பெடியள்:
"அண்ணை, இண்டைக்கும் கிழிப்பியளோ?"
சிரித்தார். முதற்பாதி அவருக்குப் பிடித்திருந்ததென்று
எனக்குத் தெரியும்.

இரண்டாம் பாதியில் எங்களைக் கொண்டுவந்தார்கள்.
ஒரு பதுங்குகுழி.
கதாநாயகன் மெல்ல மெல்ல, காற்றில் முடி பறக்க,
அதற்குள் இறங்கினான்.
குழிக்குள் இருந்த ஒருவரிலும் தூசி இல்லை.
அடுக்கியிருந்த மண்மூட்டையெல்லாம் புதுச் சாக்கு.

இவர் கைபேசியை அணைத்துவிட்டார்.

பிறகு காருக்குள் பதினொரு நிமிடம் பேசினார்.
ஒருதரம்கூட நெற்றியில் அடிக்கவில்லை.
"சாக்கு கிடைக்கேல்லை எங்களுக்கு.
அம்மா கூறைச்சேலையை வெட்டித் தைச்சவ,
நான் மண் அள்ளிப் போட்டனான்.
எனக்கு அப்ப ஒன்பது வயசு.
இந்தக் காட்சியில ஆரோ ஒராள்
எங்களிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்."
அவ்வளவுதான்.
ஹீட்டர் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

இரவு இரண்டு மணி. என்னிடம் இரண்டு முகம்.
ஒன்று இப்போது பேசிய முகம்:
கண் எங்கோ, வாய் கொஞ்சம் திறந்தபடி,
வைத்தியசாலையில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர் போல.
இதை யார் தொடுவார்கள்?
மற்றது, பழுதான பால்.

டயர் நாலும் ஞாபகம் வந்தது.
மஞ்சள் எழுத்தைப் போட்டேன்.

சனிக்கிழமை மீன்கடையில்
உறைந்த அறக்குளாவை வாளில் கொடுத்தபடி
தவேந்திரன் சொல்கிறான்:
"படம் நல்ல படம் அக்கா. அண்ணை வியூசுக்காக
என்ன மாதிரி நடிக்கிறார், அந்த முகம்!"

"முகம் மட்டும்தான்" என்றேன்.
வாள் எலும்பில் ஏறிய சத்தம்.

"என்ன அக்கா?"

தலை வேண்டாம், நடுத்துண்டு போடு
என்றேன்.